பெயர் எழுதிய டொலர்கள்

மைக்கைக் கையில் தந்தால் எனக்குப் பேச்சு வராது. போன மாதம் எங்கள் ட்ரவல்ஸில் மக்காவுக்கு உம்றா யாத்திரை போகிறவர்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். இப்போது குழுவைக் கூட்டிக்கொண்டு போகும் இளம் மௌலவி, மக்காவில் காசு மாற்றுவது பற்றி லாபீர் காக்கா ரெண்டு வார்த்தை கதைப்பார் என்று சொல்லி மைக்கை என் பக்கம் நீட்டிவிட்டார். எழும்பினேன். ஸலாம் சொன்னேன். "காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். கல்முனையில் இவ்வளவு சுருக்கமாக ஒரு பயான் நடந்ததே இல்லை என்று தேத்தண்ணி நேரத்தில் சிரித்தார்கள்.

மௌலவி விடவில்லை. கதைக்க வராவிட்டால் எழுதித் தாருங்கள், போகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் துஆப் பிரார்த்தனைகளுக்குப் பின்னால் போடுகிறேன் என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் தாளுக்கு முன்னால் எனக்கு வெட்கம் வருவதில்லை. அது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

இந்த ட்ரவல்ஸின் முதலாளி ஹாஜியாரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருடையது துணிக்கடை. ஊரிலிருந்து ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கிய காலம் அது. திரும்பி வந்தவர்கள் துணி வாங்க வந்து, மிச்சமிருந்த ரியாலை மேசையில் வைத்து, இதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்டார்கள். ஹாஜியார் சாறன் மடித்த மேசையிலேயே ரியால் மடிக்கத் தொடங்கினார். பிறகு முறைப்படி அனுமதி எடுத்து நாணய மாற்றுக் கடை போட்டார். அதற்குப் பிறகு பக்கத்து அறையில் ட்ரவல்ஸ். இத்தனைக்கும் நடுவில் அவர் என்னைத் துணிப் பக்கத்திலிருந்து காசுப் பக்கத்துக்கு மாற்றினார். காரணம் கேட்டவர்களுக்கு, "இவனுக்கு வாய் இல்ல, காசுக்கடைக்கு அதான் தகுதி" என்று சொன்னார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

வேலை பழக ஒரு நோன்பு காலம் போதுமாக இருந்தது. வெளிநாட்டு நோட்டு வந்தால் முதலில் காது. இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தால் நல்ல தாள் சட்டென்று சத்தம் தரும். போலித் தாள் சோம்பலாக ஒரு சத்தம் தரும். அடுத்தது விரல். டொலரில் இருக்கும் மனிதரின் சட்டைக் கழுத்தை நகத்தால் தடவினால் சொரசொரப்புத் தெரிய வேண்டும். பிறகு வெளிச்சத்தில் பிடித்து உள்ளே ஓடும் இழையைப் பார்க்க வேண்டும். கடைசியாகக் கறை, கிழிசல், எழுத்து, முத்திரை. நோட்டு நல்லதாகவே இருந்தாலும் மேலே யாராவது பேனையால் ஒரு கோடு போட்டிருந்தால் கொழும்பில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் விலையைக் குறைப்பார்கள். ஆகவே நாங்களும் எடுக்க மாட்டோம். அமெரிக்காக்காரன் தன் நோட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், அவன் ஊரில் அது செல்லும். கல்முனைக்கு வந்துவிட்டால் அது புது மாப்பிள்ளையின் சட்டை மாதிரி இருக்க வேண்டும்.

நோட்டைப் பார்ப்பது என் வேலை. விலை சொல்வது ஹாஜியாரின் வேலை. சொல்வது என்று எழுதிவிட்டேன், அது பிழை. விலையை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவரிடம் பெரிய எழுத்துத் தெரியும் கல்குலேட்டர் ஒன்று இருந்தது. வந்தவரின் முகத்தைப் பார்ப்பார், செருப்பைப் பார்ப்பார், உம்மாவின் சுகம் விசாரிப்பார். பிறகு இரண்டு மூன்று தட்டுத் தட்டி, ஒரே விரலால் கல்குலேட்டரை அவர் பக்கம் திருப்பி வைப்பார். அவர் எண்ணைப் பார்க்கும் நேரத்தில் ஹாஜியார் மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார், அந்த எண்ணுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல. வந்தவர் தலையாட்டியதும் கல்குலேட்டர் அழியும். அதன் பிறகு காதுக்குள் ஒரு வார்த்தை: "இது உங்களுக்கு மட்டும். ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் ஆச்சரியம். ஊரில் பாதிப் பேருக்கு ஹாஜியார் தனி விலை கொடுத்திருந்தார், பாதிப் பேரும் அந்த இரகசியத்தைக் கபுறுக் குழி வரை கொண்டுபோகத் தயாராக இருந்தார்கள். கடைச் சுவரில் 'இன்றைய விலை' என்று பலகை ஒன்றும் தொங்கியது. அதில் அந்த இரண்டு சொற்களும் அழகாக எழுதியிருக்கும். கீழே விலை இருக்காது.

உம்றாக் குழுக்களோடு என்னை முதலில் அனுப்பியது சமையல்காரருக்குத் துணையாக. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனிடம் ஆட்கள் வந்து, ரியால் எங்கே மாற்றுவது, இந்த அட்டையை எந்த மெஷினில் போடுவது என்று கேட்டார்கள். குழு மௌலவிமாருக்குத் துஆ தெரியும், மெஷின் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது. ஆனால் மெஷினைப் பழகலாம் என்று தோன்றியது.

பழகியதைச் சுருக்கமாக எழுதுகிறேன். உம்றாவுக்கு உடுத்தும் இஹ்ராம் துணியில் பை கிடையாது என்பதை வீட்டிலேயே நினைத்துப் பார்த்து இடுப்புப் பட்டி வாங்கிக்கொள்ளுங்கள். காசு முழுவதையும் கஃபாவைச் சுற்றும் தவாபுக்குக் கொண்டுபோக வேண்டாம். விமான நிலையத்தில் வண்டிக் கூலிக்கு மட்டும் மாற்றுங்கள், மிச்சத்தை ஹரம் பள்ளிவாசலுக்குக் கிட்ட இருக்கும் கடைகளில் விலை பார்த்து மாற்றுங்கள். அட்டை கொண்டுபோனால், இந்த நாட்டுக்குப் போகிறேன் என்று வங்கிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கள்ளன் என்று நினைத்து வங்கி அட்டையைப் பூட்டிவிடும். ஏ.டி.எம். மெஷின் மிகவும் அன்பாக ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் கணக்கில் ரியாலில் எழுதவா, உங்கள் ஊர் ரூபாயில் எழுதவா என்று. ரூபாயைக் கண்டதும் சொந்தக்காரனைக் கண்டது போல இருக்கும். தொட வேண்டாம். ரூபாயைத் தொட்டால் மெஷின் தன் விலையைப் போடும். அந்த மெஷினும் ஒரு ஹாஜியார்தான், காதுக்குள் சொல்லாது, அவ்வளவே.

தொலைபேசிச் சிம்மை வீட்டில் விட்டுப் போக வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்களோடு வந்த அரிசி வியாபாரி ஒருவர், வெளிநாட்டில் சிம் எதற்கு என்று மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். அட்டையை மெஷின் மறுத்தது. வங்கிக்குப் பேசினோம், சரிபார்க்க ஒரு இலக்கம் அனுப்புகிறோம் என்றார்கள். இலக்கம் மனைவியிடம் போனது. அவர் என் போனிலிருந்து மனைவிக்கு எடுத்தார். மக்காவுக்கு வந்தால் எல்லோருக்கும் இருமல் பிடிக்கும், அவருக்குக் குரலே போயிருந்தது. அந்தப் பக்கத்தில் மனைவி, இந்த இலக்கத்தை ஆருக்கும் சொல்ல வேண்டாம் என்று எங்கட மனுசன் சொல்லிப் போட்டுத்தான் போனார் என்றார். நான்தான் உண்ட மனுசன் என்று இவர் இருமினார். அவருக்கு இப்படிக் குரல் இல்லை என்று மனைவி போனை வைத்துவிட்டார். அந்தப் பயணம் முழுக்க வியாபாரி குழுவின் செலவில் சாப்பிட்டார். ஊருக்கு வந்து, என் மனைவியைப் போல நம்பிக்கையானவள் ஊரில் இல்லை என்று அவர் சொன்னதில் புகழ்ச்சி எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

பாத்தும்மா ராத்தா, எல்லோருக்கும் அக்கா மாதிரி, எங்கள் பக்கத்துத் தெரு. காலையில் இடியப்பம் அவித்து விற்பவ. அவவுடைய கணவர் ஒரு காலத்தில் தெருவில் சீட்டுப் பிடித்தார். மாதா மாதம் எல்லோரும் காசு போட, முறை வந்தவர் மொத்தமாக எடுக்கும் வழக்கமான சீட்டுத்தான். கொப்பியில் எல்லாம் அழகாக எழுதியிருந்தது. காசுதான் இல்லை. சீட்டு உடைந்தது, கொஞ்ச நாளில் அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போனார். ராத்தா இருந்த வளவுக் காணியில் பாதியை விற்று முடிந்தவரை கொடுத்தா. ஆனாலும் அதற்குப் பிறகு தெருவில் ஒருவரும் அவவிடம் இடியப்பத்துக்குக்கூட முன்பணம் கொடுக்கவில்லை. பெட்டி கைக்கு வந்த பிறகுதான் காசு நீளும். அவவும் ஒன்றும் சொல்வதில்லை.

கட்டாரில் வேலை செய்யும் மகன் உம்றாவுக்குக் காசு அனுப்பினான். போவதற்கு முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ராத்தா சீட்டில் காசு போட்ட எல்லா வீட்டுக்கும் போனா. சில வீடுகளில் மன்னித்தோம் என்றார்கள். சில வீடுகளில் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், காசு கொண்டுவந்து அவவுடைய கையில் வைத்தார்கள். ஒருவர் ஹரத்துப் புறாவுக்குத் தானியம் போடச் சொன்னார். ஒருவர் ஏழைக்குச் சாப்பாடு. ஒரு பெண் தன் மகளுக்குத் தொழுகை விரிப்பு. கொஞ்சக் காசுதான். ஆனால் கணவர் மௌத்தான பிறகு அந்தத் தெரு அவவை நம்பிக் காசு கொடுத்தது அதுதான் முதல் தடவை.

காசிம் காக்காவின் வீட்டுக்கும் போனா. சீட்டில் அதிகம் இழந்தவர் அவர். வாயால் மன்னித்தார், காசு தரவில்லை. அதே குழுவில் அவரும் மக்காவுக்கு வரவிருந்தார். அந்தப் பயணத்துக்கான விளக்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பாத்தும்மாட கையில காசு குடுத்தா அதுவும் அவவோட உம்றாவுக்குப் போகும். திரும்பி வருமா எண்டு கேக்காதீங்க" என்றார். சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்தா.

அந்தக் கூட்டத்தில் ஹாஜியார் அமானிதம் பற்றிக் கதைத்தார். ஒருவர் நம்பித் தந்த காசை இன்னொருவர் தந்த காசோடு கலக்கக் கூடாது, நாளைக்கு மறுமையில், மஹ்ஷரில் ஒவ்வொரு சதத்துக்கும் கணக்குக் கேட்கப்படும் என்றார். நல்ல குரல் அவருக்கு. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு, ரியால் தட்டுப்பாடாக இருக்கிறது, நம்மிடம் டொலர் இருக்கிறது, அதைக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முடித்தார்.

அடுத்த நாள் ராத்தா கடைக்கு வந்தா. ஒவ்வொருவர் தந்த ரூபாயும் ஒவ்வொரு துணி முடிச்சில் தனித்தனியாக இருந்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒவ்வொரு டொலர் நோட்டுத் தர வேண்டும், மிச்ச ரூபாயை அந்தந்த முடிச்சிலேயே திருப்பிக் கட்ட வேண்டும் என்றா. ஹாஜியார் அவவுடைய முகத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். கல்குலேட்டரைத் தட்டினார், ஏதோ யோசித்து அழித்தார், மறுபடி தட்டினார், திருப்பி வைத்தார். காற்றாடியைப் பார்த்தார். ராத்தா தலையாட்டினா. நான் நல்ல புது நோட்டாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன். ஒன்றிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

மக்காவில் உம்றாவை முடித்து, எல்லோரும் ஓய்வெடுத்த பிறகு, கொஞ்சப் பேரைக் காசு மாற்றக் கூட்டிக்கொண்டு போனேன். ராத்தாவின் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மலையாளி, எங்கள் தமிழ் ஓரளவு விளங்கும். ராத்தா துளைக்குள்ளால் ஒரு நோட்டை மட்டும் தள்ளினா. இதை மாற்றித் தந்த பிறகு அடுத்ததைத் தருவேன் என்றா. அவர் நோட்டை எடுத்துப் புரட்டினார். நானும் அப்போதுதான் பார்த்தேன். ஓரத்து வெள்ளையில் நீலப் பேனையால் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'சுபைதா – விரிப்பு'.

இது என்ன எழுத்து என்று அவர் கேட்டார்.

"பேரு" என்றா ராத்தா.

"யாருடைய பேர்?"

"காசுக்காரிட பேரு. இது அவட காசு."

எழுத்து இருந்தால் எடுக்க முடியாது என்று அவர் நோட்டைத் திருப்பித் தள்ளினார். ராத்தா அடுத்ததைக் காட்டினா, அதற்கடுத்ததைக் காட்டினா. 'புறா – மீராசாகிபு.' 'சாப்பாடு – கச்சியம்மா.' எல்லாவற்றிலும் எழுதியிருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் தங்கள் தங்கள் மொழியில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான் கூச்சத்தில் தரையைப் பார்த்தேன். ராத்தா மட்டும் அசையவில்லை. "அழுக்கில்லயே தம்பி, பேருதானே" என்று அவரிடம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தா.

வேறு கடைகளுக்கும் போனோம். ஒருவர் எடுக்கவே மாட்டேன் என்றார். ஒருவர் பாதி விலைக்கு எடுப்பேன் என்றார். பாதி விலைக்கு எடுத்தால் பாதி விரிப்புத்தான் வாங்கலாம். ஹோட்டலுக்குத் திரும்பி நடந்தபோது, ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். "கலக்கக் கூடாதெண்டு ஹாஜியார் சொன்னாரே" என்றா. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "எண்ட கையில இருந்தா எல்லாக் காசும் ஒண்டுதான் எண்டு சொல்லுவாங்க தம்பி. பேரு இருந்தா சொல்லேலாதுதானே" என்றா.

சாப்பாட்டு மண்டபத்துக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. ஒரு பெண் பற்பசை போட்டுத் தேய்த்தால் எழுத்துப் போகும் என்றா. நான் அவசரமாகத் தடுத்தேன். தேய்த்தால் எழுத்தோடு நோட்டும் போகும். காசிம் காக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாத்தும்மாட கைக்குப் போன காசு செல்லாக் காசாகும் எண்டு நான் ஊரிலயே சொன்னன். ஆரும் கேக்கல்ல" என்றார். நிறையப் பேர் சிரித்தார்கள். இந்த முறை ராத்தா சிரிக்கவில்லை.

நான் ஒரு வழி சொன்னேன். உங்கள் சொந்தக் காசில் இவர்களுடைய காரியங்களை முடித்துவிட்டு, நோட்டுகளை அப்படியே ஊருக்குக் கொண்டுபோகலாமே என்றேன்.

"எண்ட காசு இவ்வளவுக்கும் காணாது. கண்டாலும் வேணாம்" என்றா. "அவங்க நம்பித் தந்தது அவங்கட காசால செய்யச் சொல்லி. செல்லாத நோட்டோட நான் போய் வாசல்ல நிண்டா, நான் என்ன சொன்னாலும் சீட்டுக் கதைதான் திரும்ப வரும்."

கடைசியில் ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். முழு விசயத்தையும் கேட்டார். பிறகு சொன்னார்: சமையல் செலவுக்கு உன்னிடம் இருக்கும் ரியாலைக் கொடு, நோட்டுகளை வாங்கிக்கொண்டு வா, ஒரு டொலருக்கு என்ன விலை போடுவது என்று நான் அனுப்புகிறேன். கொஞ்ச நேரத்தில் என் போனுக்குப் படம் ஒன்று வந்தது. கடை மேசையில் கல்குலேட்டர். அதில் ஒரு எண். கடல் தாண்டியும் அவர் அதைத் திருப்பித்தான் காட்டினார். அந்தப் படத்தில் காற்றாடியின் நிழலும் விழுந்திருந்தது.

எழுத்துள்ள நோட்டுக்கு வியாபாரி போடும் விலைதான் அது. அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலையில் ஒவ்வொருவர் காசிலும் ஒரு துண்டு குறையும். ராத்தா போனைத் தள்ளிப் பிடித்து எண்ணைப் பார்த்தா.

"இது என்ன தம்பி?"

"ஹாஜியார் போட்ட விலை."

"வாயால சொல்லச் சொல்லுங்க. சீட்டுக் கொப்பியில எழுதினத நம்பித்தான் எங்கட தெருவே போச்சு."

நான் மறுபடி ஹாஜியாருக்கு எடுத்துப் போனை அவவிடம் கொடுத்தேன். ராத்தா கட்டாரில் இருக்கும் மகனோடு கதைத்துப் பழகியவ. போன் கைக்கு வந்ததும் ஒலிபெருக்கியை அழுத்தி, மேசையில் வைத்து, உள்ளங்கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு கதைப்பதுதான் அவவுடைய வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தா. சுற்றிவரக் குழு முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அது ஹாஜியாருக்குத் தெரியாது.

"ஹாஜியார், நீங்க எனக்கு என்ன விலைக்கு இந்த நோட்டத் தந்தீங்களோ அந்த விலைக்கே எடுங்க. குறையவும் வேணாம், கூடவும் வேணாம்" என்றா.

எழுதிய நோட்டு அப்படிப் போகாது என்று அவர் விளக்கத் தொடங்கினார். ராத்தா முழுவதையும் கேட்டா. பிறகு, "அது சரி. நீங்க தந்த விலை என்ன?" என்றா.

"அது... கடை விசயம் ராத்தா. போன்ல எப்பிடி?"

"கடையில நீங்க சொல்லல்லயே, காட்டினீங்க. நான் தலையாட்டினன். எனக்கு நம்பர் நினப்பில்ல. உங்களுக்கு இரிக்கும். அமானிதக் காசு ஹாஜியார், சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து ஹரத்தில் அஸர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. ஜன்னல் வழியாக வந்த சத்தம் மண்டபத்தை நிறைத்தது, போனையும் நிறைத்திருக்கும். மக்காவிலிருந்து நேரடியாகப் பாங்கு கேட்கும்போது பொய் சொல்ல யாருக்கும் நா எழும்பாது. பாங்கு முடிந்ததும் ஹாஜியார் அந்த எண்ணைச் சொன்னார்.

இத்தனை வருடத்தில் அவர் வாயால் ஒரு விலையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த எண்ணை இங்கே எழுதவில்லை. இந்தக் கட்டுரையை ஹாஜியாரிடம் வாசித்துக் காட்டியபோது அவர் வைத்த ஒரே நிபந்தனை அது.

மண்டபத்தில் சோற்றுக் கோப்பையில் கை போட்டவர்கள் கையை எடுக்கவில்லை. காரணம் இதுதான். அந்தக் குழுவில் எல்லோருமே ஹாஜியாரிடம் டொலர் வாங்கியவர்கள். எல்லோருக்கும் தனி விலை, எல்லோருக்கும் காதுக்குள் இரகசியம். இப்போது கேட்ட விலை அவை எல்லாவற்றையும் விடக் குறைவு. இடியப்பக்காரிக்கு ஹாஜியார் இலாபமே வைக்காமல் கொடுத்திருக்கிறார். கல்குலேட்டரைத் தட்டி அழித்துவிட்டு மறுபடி தட்டினாரே, அது இதற்குத்தான். அவர் யாருக்கும் தெரியாமல் செய்த நல்ல காரியம், அவரை எல்லோருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எனக்கு ஸ்பெஷல் எண்டுதானே சொன்னாரு" என்றார் ஒருவர்.

"எனக்கும்."

"எனக்குக் காதுக்குள்ள சொன்னாரு."

இடது கைகள் பைக்குள் போயின, போன்கள் வெளியே வந்தன, ஆளாளுக்குக் கழித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். காசிம் காக்கா கணக்குப் பார்த்து முடித்ததும் முகம் கறுத்தது. சீட்டில் அவரிடம் எடுத்தவர் மௌத்தாகிவிட்டார். ஹாஜியார் உயிரோடு இருக்கிறார். காசிம் காக்கா போனுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

"ஹாஜியார், காசிம் கதைக்கிறன். நாங்க எல்லாரும் இஞ்சதான் இரிக்கம்."

"எல்லாருமா?"

"ஓம். சாப்பாட்டு மேசையில. பாங்குக்கு முந்தியே வந்திட்டம்."

அங்கே ஹாஜியார் காற்றாடியைப் பார்த்திருப்பார்.

"லாபீர்" என்றார்.

"ஓம் ஹாஜியார்."

"ராத்தாட நோட்டு எல்லாத்தையும் எடு. ஒரு சதமும் குறைக்காத. இப்ப ஸ்பீக்கர அணை."

சமையல் காசில் பெரும் பங்கு ராத்தாவின் முடிச்சுகளுக்குப் போனது. விலையைக் குழு மௌலவி ரியாலாக மாற்றிப் பெருக்கிச் சொல்ல, நான் ஒவ்வொரு நோட்டாக வாங்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ரியால் கொடுத்தேன். அவ ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டினா. இம்முறை ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. எந்த முடிச்சு யாருடையது என்று துணியின் நிறத்தை வைத்து நினைவில் வைத்துக்கொண்டா. ஹாஜியார் மறுபடி காசு அனுப்பும் வரை எங்களுக்குக் கோழி இல்லை, பருப்பும் கருவாடும்தான். மக்காவுக்கு வந்து கருவாடு தின்னும் முதல் கூட்டம் நாங்கள்தான் என்று காசிம் காக்கா ஒவ்வொரு வேளையும் சொன்னார். சொல்லிவிட்டு மறு சோறு கேட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ராத்தா விரிப்பு வாங்கப் போனபோது காசிம் காக்காவும் பின்னால் போனார். எதற்கு என்று கேட்டேன். "சாட்சிக்கு" என்றார். அவவில் பிழை பிடிப்பதற்குத்தான் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். பச்சை முடிச்சை அவிழ்த்தா, விரிப்பு வாங்கினா, மிச்சச் சில்லறையைப் பச்சை முடிச்சிலேயே கட்டினா. மஞ்சள் முடிச்சில் புறாத் தானியம். தானியக்காரன் நிறை குறைவாகப் போட்டான் என்று காசிம் காக்காதான் சண்டை பிடித்தார். வெயிலில் பைகளையும் அவரே தூக்கினார், ஏனென்றால் சாட்சிக்கு வந்தவர் பொருளைக் கண்ணிலிருந்து விடக் கூடாது. கடைசி முடிச்சு வரை ஒரு பிழையும் கிடைக்கவில்லை. அவர் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தார்.

ஊருக்கு வந்து ராத்தா மறுபடி வீடு வீடாகப் போனா. விரிப்பைக் கொடுத்தா, சில்லறையைக் கொடுத்தா. ஒரு வீட்டில் நோட்டுச் செல்லாமல் போன கதையைக் கேட்டுச் சந்தேகமாகப் பார்த்தார்களாம். பள்ளிவாசலால் வந்துகொண்டிருந்த காசிம் காக்கா வாசல் கடப்பில் நின்று, "நான் கூடவே நிண்டன். தானியம் நிறுத்ததும் நான்தான்" என்று உரக்கச் சொன்னாராம். அவருக்கு அவ மேல் அன்பு வந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். தான் பார்த்ததை இன்னொருவர் சந்தேகப்படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. எது எப்படியோ, அந்த மாதமே விரிப்புக்குக் காசு கொடுத்த சுபைதா இடியப்பத்துக்கு ஒரு மாத முன்பணம் கொடுத்தா. இப்போது அந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான் கொடுக்கிறது.

ஹாஜியாரின் பாடுதான் சிக்கலானது. கடைக்கு வருகிறவர்கள் கல்குலேட்டரைப் பார்க்க மறுத்தார்கள். "வாயால சொல்லுங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு அவர்களும் காற்றாடியைப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தார். பிறகு கொழும்பிலிருந்து சிவப்பு எழுத்து ஓடும் மின்பலகை ஒன்றை வரவழைத்து, பழைய 'இன்றைய விலை' இருந்த இடத்தில் மாட்டினார். எல்லோருக்கும் ஒரே விலை. ஒரு கூட்டத்தில் அவரை மேடைக்கு அழைத்து, வெளிப்படையான வியாபாரத்துக்கு ஊரில் வழிகாட்டியவர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். ஹாஜியார் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். முன்வரிசையில் ராத்தா இல்லை. அவவுக்கு அழைப்பு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. இப்போது இலாபமில்லாத விலை யாருக்கும் கிடைப்பதும் இல்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

பெயர் எழுதிய நோட்டுகளைக் கொழும்பில் எடுக்கவில்லை. அவை ஹாஜியாரின் மேசை லாச்சியில் இருக்கின்றன. கடையில் ஆள் குறைந்த நேரங்களில் எடுத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். சீனி வருத்தம் என்னும் நீரிழிவு என் கண்ணைத் தொட்டு, நோட்டின் இழை தெரியாமல் போய், நான் வேலையை விடும் நாளில் அவற்றில் ஒன்றை எனக்குத் தரப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அது மீராசாகிபுவின் புறாவுக்குரிய நோட்டு.

போன மாதத்துக் கூட்டத்தில் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தேன் என்றேன் அல்லவா, அன்றைக்கு வாசல் பக்கத்தில் ராத்தா நின்றா. காசிம் காக்கா இந்த முறை மனைவியோடு மறுபடி உம்றாவுக்குப் போகிறார். ராத்தா அவரிடம் நான்காக மடித்த ரியால் நோட்டு ஒன்றை நீட்டினா.

"காக்கா, இது புறாவுக்கு."

அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். "பேர எழுதித் தா பாத்தும்மா. மத்தக் காசோட கலந்திரும்."

"எழுதினாச் செல்லாது காக்கா. நினப்புல வெச்சிக்கங்க."

சொல்லிவிட்டு அவ போய்விட்டா. காசிம் காக்கா நோட்டைச் சட்டையின் பக்கப் பையில் வைத்தார். அதில் ஏற்கனவே காசு இருந்தது போல, எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்தார். அங்கேயும் சரிவரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதை எங்கே வைப்பது லாபீர் என்று மெல்லக் கேட்டார். நெஞ்சுப் பையில் தனியாக வையுங்கள் என்றேன். வைத்தார், மேலே கையை வைத்துக்கொண்டார். கூட்டம் முடியும் வரை அந்தக் கை இறங்கவில்லை. கடைசியில் மௌலவி துஆவுக்கு எல்லோரையும் கையேந்தச் சொன்னபோது, காசிம் காக்கா ஒரு கையைத்தான் ஏந்தினார்.